கண்ணெதிரே தண்ணீர் கறுத்ததே, அதுவும் பொய்யா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உள்ள அப்பாவிடம் ஒரு ஏஜென்ட் மூன்று கருவிகளைக் காட்டியிருக்கிறார். காலை வைத்தால் உடம்பின் கழிவை இழுத்து வெளியேற்றும் தண்ணீர்த் தொட்டி ஒன்று. கம்பியைக் கையில் பிடித்தால் ஒரு நிமிடத்தில் உடம்பு முழுவதையும் ஸ்கேன் செய்து அறிக்கை தரும் பெட்டி ஒன்று. உடல் சக்தியைக் கூட்டும் காப்பு ஒன்று. "தண்ணீர் கறுத்ததைக் கண்ணால் பார்த்தேன், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்கிறார் அப்பா. இவை வேலை செய்யுமா? செய்யாது என்றால் அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

மூன்றும் நோயைக் குணப்படுத்தாது. ஆனால் அப்பா பார்த்தது பொய் என்று சொல்லி ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் கறுத்தது உண்மை. அவர் கால் இல்லாமலும் அது கறுத்திருக்கும் என்பதை மட்டும் யாரும் அவருக்குக் காட்டவில்லை. இந்த வியாபாரம் முழுவதும் அந்த ஒரு இடைவெளியில்தான் நடக்கிறது. எந்த டெமோவாக இருந்தாலும் நோயாளியை அகற்றிவிட்டோ, கருவியை மாற்றிவிட்டோ அதே டெமோவை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். விடை கிடைத்துவிடும்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். தண்ணீருக்குள் வைக்கும் அந்தச் சுருள் அல்லது தட்டு இரும்பால் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆனது. அடாப்டர் அதற்குக் குறைந்த அழுத்த நேர்மின்சாரம் கொடுக்கிறது. தண்ணீரில் மின்சாரம் ஓட வேண்டும் என்பதற்காக ஏஜென்ட் உப்புப் போடுகிறார். மின்சாரம் ஓடியதும் நேர்முனையில் உள்ள இரும்பு கரைந்து, தண்ணீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாகிறது. முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. மறுமுனையில் ஹைட்ரஜன் குமிழிகள் வரும். உப்பிலிருந்து கொஞ்சம் குளோரின் வரும்; நீச்சல் குளத்து வாடை அடிப்பது அதனால்தான். மேலே மிதக்கும் வெள்ளைத் துணுக்குகள் காலில் ஊறி உதிர்ந்த தோலும் சோப்பு, கிரீம் மிச்சமும்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 2 ஆம்பியர் மின்சாரம் 30 நிமிடம் ஓடினால், அதெல்லாம் இரும்பைக் கரைப்பதிலேயே செலவானால், சுமார் 1 கிராம் இரும்பு கரையும். கொஞ்சம் குளோரின் பக்கம் போய்விடுவதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனால் அரை கிராம் இரும்பே ஒரு தொட்டித் தண்ணீரைச் சேறுபோல ஆக்கப் போதும். சில மாதங்களில் அந்தச் சுருள் அரித்து மெலிந்து போய், புதிதாக ஒன்று வாங்கச் சொல்கிறார்களே, தண்ணீரில் இருந்த "கழிவு" எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஏஜென்ட் கையில் நிற அட்டை ஒன்றும் இருக்கும். மஞ்சள் என்றால் சிறுநீரகம், ஆரஞ்சு என்றால் மூட்டு, கறுப்பு என்றால் கல்லீரல் என்று அதில் போட்டிருக்கும். நிறத்தைத் தீர்மானிப்பது உப்பின் அளவு, நேரம், தண்ணீரின் சூடு, உலோகத்தின் வகை ஆகியவைதான். உப்பைக் கூட்டினால் "கல்லீரல் கழிவு" சீக்கிரம் வரும்.

சோதிக்க வேண்டிய முறை: ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு உப்பு, ஒரே நேரம். முதலில் யாரும் காலை வைக்காமல் ஓட்டுங்கள். பிறகு தண்ணீரை மாற்றிக் காலை வைத்து ஓட்டுங்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கண்ணாடி டம்ளர் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரிசை முக்கியம். கால் வைத்ததை முதலில் செய்தால், வெறும் தண்ணீர் நிறம் மாறும்போது முந்தைய கழிவு ஒட்டியிருந்தது என்று சொல்லித் தப்பிப்பார்கள். இந்த வகைத் தொட்டி ஒன்றை முறையாக ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், பயன்படுத்தியவர்களின் சிறுநீரையும் முடியையும் சோதித்தபோது, நச்சு உலோகங்கள் உடலிலிருந்து வெளியேறியதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. இரவில் பாதத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கும் பட்டைகளும் இதே ரகம்தான். உள்ளே இருக்கும் பொடியில் ஈரம் பட்டால் நிறம் மாறும். கெட்டிலின் ஆவியில் ஒரு பட்டையைக் காட்டிப் பாருங்கள், கால் இல்லாமலே கறுக்கும்.

மின்சாரத்தால் உலோகத்தைக் கரைக்கும் இதே மின்பகுப்பைத் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்களும் காட்டுவார்கள். இரண்டு டம்ளரில் கம்பிகளை இறக்கினால் குழாய்த் தண்ணீர் பழுப்பாகும், அவர்கள் கருவியின் தண்ணீர் தெளிவாக நிற்கும். தாது உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, அதனால் கம்பி கரையவில்லை, அவ்வளவே. அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அந்தக் கம்பிக் கருவிகள் பல வீட்டு மின்சாரத்திலேயே நேரடியாக இயங்குபவை. ஓடும்போது தண்ணீரில் விரல் வைக்கக் கூடாது.

இனி ஸ்கேன் பெட்டி. குவாண்டம், ரெசொனன்ஸ், பயோ என்று பல பெயர்களில் வருகிறது. பெட்டிக்குள் என்ன எழுதியிருந்தாலும், கையில் பிடிக்கும் உலோகக் கம்பியால் அளக்க முடிந்தது அதிகபட்சம் தோலின் மின்தடையை மட்டும்தான். எலும்பின் அடர்த்தி, வைட்டமின் அளவு, பித்தப்பையின் செயல்பாடு, காரீயத்தின் அளவு ஆகிய எதையும் உள்ளங்கைத் தோலின் மின்தடையிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் இரண்டு முனைகளையும் காய்ந்த விரல்களால் மெதுவாகப் பிடியுங்கள். லட்சக்கணக்கில் ஓம் காட்டும். விரலை நனைத்து இறுக்கிப் பிடித்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடலாம். உடம்பில் ஒன்றும் மாறவில்லை, ஈரமும் அழுத்தமும் மாறின. விரல் நுனியில் ஒரு குச்சியை அழுத்தி எந்த உறுப்பு பலவீனம் என்று சொல்லும் கருவிகள் 1950களில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ஃபோல் என்பவர் தொடங்கிய வழியில் வந்தவை. அங்கே முள் ஏறுவதும் இறங்குவதும் குச்சியைப் பிடித்திருப்பவரின் அழுத்தத்தைப் பொறுத்தது. சில நேரம் அவருக்கே அது தெரியாமல் நடக்கும்.

ஸ்கேன் தொடங்கும் முன் வயது, பாலினம், உயரம், எடை எல்லாம் கேட்டு உள்ளிடுவார்கள். அறிக்கைக்கு வேண்டியது அதிலேயே வந்துவிடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய, எடை கூடிய ஒருவருக்குக் கொழுப்பு அதிகம், மூட்டுத் தேய்மானம், சர்க்கரை வரும் வாய்ப்பு என்று எழுதினால் பெரும்பாலும் பொருந்தத்தான் செய்யும். அப்பாவுக்குச் சரியாகச் சொன்னதே என்ற வியப்பு இங்கிருந்து வருகிறது. அதோடு எண்கள் தசம இடங்களோடு அச்சாகி வரும்போது ஆய்வக அறிக்கைபோல ஒரு நம்பிக்கை உண்டாகிறது.

இதைச் சோதிக்க நான்கு வழிகள் உண்டு. ஒரே ஆளை அரை மணி நேர இடைவெளியில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு பெயர், வயதில் பதிவு செய்து எடுத்துப் பாருங்கள். கால்சியமும் கல்லீரலும் அரை மணி நேரத்தில் மாறாது. பெண்ணை ஆண் என்று பதிவு செய்து, புராஸ்டேட் பற்றி அறிக்கை வருகிறதா பாருங்கள். பித்தப்பையை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்ட உறவினர் இருந்தால் அவரை உட்கார வைத்து, இல்லாத பித்தப்பைக்கு மதிப்பெண் விழுகிறதா பாருங்கள். கடைசியாக, கம்பியை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது சோதனைதான் வீட்டுப் பெரியவர்களிடம் நன்றாக எடுபடும், ஏனென்றால் அதற்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

இந்தச் சோதனை புதியதும் அல்ல. 1920களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ் என்ற மருத்துவர், ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு எந்த நோயையும் கண்டுபிடிக்கும் கருவி தன்னிடம் இருப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தார். சிகிச்சைக் கருவியை வாடகைக்குத்தான் கொடுத்தார். சீல் வைத்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். சந்தேகப்பட்டவர்கள் சேவலின் இரத்தத்தை மனிதனுடையது என்று அனுப்பினார்கள். பெரிய நோய்களின் பட்டியலே பதிலாக வந்தது. சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழ் அமைத்த குழு ஏறக்குறைய ஓராண்டு ஆராய்ந்து, 1924இல் அந்த முறைக்கு எந்த மதிப்பும் இல்லை என்று அறிவித்தது. திறக்கக் கூடாது, திறந்தால் வாரண்டி போய்விடும் என்று இன்று சொல்லும் பெட்டிகளுக்கு நூறு வருட முன்னோடி அது.

காப்புக்கு வருவோம். டெமோ இப்படி நடக்கும்: கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார்கள், மணிக்கட்டை அழுத்துவார்கள், கை இறங்கும். காப்பைப் போட்டு மறுபடி அழுத்துவார்கள், கை இறங்காது. இரண்டாவது முறை விரல் வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் நகர்ந்திருக்கும். நெம்புகோல் நீளம் குறைவதால் அதே பலத்துக்குக் கை இறங்காது. ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிக் கையை இழுக்கும் டெமோவில் வித்தை திசையில் இருக்கிறது. உடம்பை விட்டு வெளிப்பக்கம் இழுத்தால் ஆள் சாய்வார், காலை நோக்கி உள்பக்கம் இழுத்தால் நிலையாக நிற்பார். இரண்டாவது முறைக்குள் தசையும் தயாராகிவிடுகிறது.

சோதிக்க, ஒரே மாதிரியான இரண்டு கெட்டியான உறைகளை எடுங்கள். ஒன்றில் காப்பு, மற்றொன்றில் அதே எடையுள்ள வேறு ஏதாவது. மூன்றாம் நபர் வேறு அறையில் நாணயம் சுண்டி எந்த உறை என்று முடிவு செய்து கொண்டுவரட்டும். அழுத்துபவருக்கும் தெரியக் கூடாது, கை நீட்டுபவருக்கும் தெரியக் கூடாது. பத்து முறை செய்து ஒவ்வொரு முறையும் காப்பா இல்லையா என்று ஏஜென்ட் சொல்ல வேண்டும். குருட்டு யூகத்திலேயே சராசரியாக ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புத்தான், ஆகவே அதை வெற்றி என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு விதியை மாற்ற இடம் தரக்கூடாது. பவர் பேலன்ஸ் என்ற காப்பு உலகம் முழுவதும் இந்த டெமோவால்தான் விற்றது. 2010இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் பிடித்தபோது, தங்கள் கூற்றுகளுக்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லை என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

காந்தக் காப்பு இரத்தத்தில் உள்ள இரும்பை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்பார்கள். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியில் உள்ள இரும்புபோலக் காந்தத்தில் ஒட்டாது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்த வலிமையை அளக்கும் அலகு). அதற்குள் படுத்து எழுந்து வருபவரின் இரத்தம் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. ஆனால் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்களுக்கு வலுவான காந்தம் நெஞ்சருகே வருவது ஆபத்து. அந்தக் கருவிகள் காந்தம் பட்டால் இயங்கும் முறையை மாற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. குறைந்தது 15 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும்.

"ஆனால் போட்டதும் வலி குறைந்ததே" என்று அப்பா சொல்வார். அதையும் நம்புங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தசை, மூட்டு வலி உள்ள 610 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2002இல் வெளியானது. பாதிப் பேருக்கு அயனிக் காப்பு (மின்னேற்றம் ஊட்டியது என்று விற்பது), பாதிப் பேருக்கு அதேபோலத் தெரியும் வெறும் காப்பு. நான்கு வாரம் போட்டுப் பார்த்தார்கள். இரு பிரிவிலும் வலி குறைந்தது, ஒரே அளவில். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதுவே நடந்தது. 1796இல் எலிஷா பெர்கின்ஸ் என்பவர் வலி நீக்கும் இரு உலோகக் கம்பிகளுக்குக் காப்புரிமை வாங்கிப் பெரும் பெயர் பெற்றார். 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் மரக்கம்பிக்கு உலோகம்போல வர்ணம் பூசி ஐந்து நோயாளிகளிடம் தடவினார். நால்வர் வலி குறைந்தது என்றார்கள். மறுநாள் அசல் உலோகக் கம்பியால் தடவியபோதும் அதே விளைவுதான். மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஆள் கருவி வாங்குகிறார்; அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தேவலாம். கூடவே வழக்கமான மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் கருவிக்குப் போகும்.

வலியில் நடக்கும் இந்த மாற்றம் சர்க்கரையிலோ புற்றுநோய்க் கட்டியிலோ நடக்காது. அங்கேதான் உயிர் போகிறது.

பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாத வகைகள் சில உண்டு. ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றை முதலில் சொல்வேன். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்கடியில் மெல்லிய சென்சார் வைத்து, அந்த எண்ணைக் கடிகாரத்தில் காட்டும் முறை வேறு, அது உண்மையானது. போலிக் கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரிடும்.

அடுத்தது சூடு தரும் கல் படுக்கைகளும் அகச்சிவப்பு மெத்தைகளும். சூடு வலிக்கு இதம் தரும், அதுவரை சரி. ஆனால் நீண்ட நாள் சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குக்கூடப் போகலாம். அப்பாவுக்கு இதைத்தான் நான் முதலில் தடுப்பேன்.

செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும், எதிர்மின் அயனி தரும் என்று விற்கும் பதக்கங்கள் இன்னொரு வகை. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, அவையே கதிரியக்கம் உமிழ்வதாகக் கண்டறிந்து தடை செய்தது. இவற்றில் தோரியம், யுரேனியம் கலந்த கனிமப் பொடியைச் சேர்ப்பதுண்டு. ஏஜென்ட் மீட்டரை வைத்து அயனி எண்ணிக்கை எகிறுவதைக் காட்டுவார். கதிரியக்கம் காற்றை அயனியாக்குவதால் எகிறும் எண் அது. அப்படிப்பட்ட பதக்கம் இருந்தால் உடைக்காமல், அறுக்காமல், உறையிலிட்டுக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்து, குப்பையில் போடுமுன் நாட்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பிடம் கேளுங்கள். மூச்சில் ஏற்றச் சொல்லும் ஓசோன் கருவிகளும் நுரையீரலை அரிப்பவை. அறைக்குள் இயங்கும் மருத்துவக் கருவியிலிருந்து வரும் ஓசோனுக்கு எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு பத்து லட்சத்தில் 0.05 பங்கு மட்டுமே.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, மருந்தை நிறுத்தச் சொல்வது. உடலில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சு வலி திரும்பலாம், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம், நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கலாம். அப்போது ஏஜென்ட் சொல்லும் வார்த்தை தயாராக இருக்கும்: கழிவு வெளியேறுகிறது, முதலில் அப்படித்தான் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, குழப்பம் ஆகிய எதுவும் கழிவு வெளியேறும் அறிகுறி அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் அவை.

சர்டிபிகேட் காட்டுவார்களே என்றால், அதையும் படிக்கத் தெரிய வேண்டும். எஃப்.டி.ஏ. பதிவு என்பது, நாங்கள் இன்ன பொருளைச் செய்கிறோம் என்று உற்பத்தியாளர் தெரிவித்த பதிவு மட்டுமே. அது ஒப்புதல் ஆகாது, பதிவுக்கென்று எஃப்.டி.ஏ. சான்றிதழே தருவதில்லை, ஆகவே கழுகு முத்திரையோடு ஃபிரேம் போட்டு மாட்டிய தாள் வேறு யாரோ அச்சடித்தது. ஐரோப்பியச் சந்தைக்கான சி.இ. முத்திரையை, ஆபத்துக் குறைந்த பிரிவில், தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளலாம். வெளி அமைப்பு ஒன்று சரிபார்த்திருந்தால் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 13485 தொழிற்சாலையின் தர நிர்வாகத்தைப் பற்றியது, நோய் குணமாவதைப் பற்றியது அல்ல. காப்புரிமை புதுமைக்குத் தரப்படுவது; பெர்கின்ஸிடமும் இருந்தது. முறையாக அனுமதி பெற்ற கருவியிலும் ஒரு சூது உண்டு: வலிக்குத் தற்காலிக இதம் என்று அனுமதி வாங்கிவிட்டு, கூட்டத்தில் புற்றுநோய் குணமாகும் என்று பேசுவார்கள். எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி என்பதைக் கேளுங்கள்.

மின்சாரம், காந்தம், ஒளி என்றாலே மோசடி என்றும் நினைத்துவிட வேண்டாம். எலும்பு கூடாமல் நிற்கும் முறிவுக்குத் துடிப்புக் காந்தப்புலக் கருவியை 1979இல் எஃப்.டி.ஏ. ஏற்றது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு நீல ஒளி அன்றாடச் சிகிச்சை. தோல் வழியே மின்துடிப்புக் கொடுக்கும் டென்ஸ் கருவி சிலருக்கு வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும். அசல் கருவி ஒரு நோயைச் சொல்லும், எவ்வளவு நேரம், எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்று சொல்லும். யாருக்கும் கேடில்லை, எல்லா நோய்க்கும் ஆகும் என்று சொல்லும் கருவிக்கு எந்த நோயிலும் வேலை இல்லை.

அப்பாவிடம் பேசும்போது, ஏமாந்துவிட்டீர்கள் என்ற சொல்லே வேண்டாம். அதைச் சொன்னால் அவர் கருவியின் பக்கம் போய்விடுவார். வெறும் தண்ணீரில் தொட்டியை அவர் கையாலேயே ஓட்டச் சொல்லுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள். இது நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ அல்ல என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பது வழக்கம். ஏஜென்ட் வந்தால் "இந்தக் கருவி சர்க்கரையைக் குணப்படுத்தும்" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதமாட்டார். வாங்கியாகிவிட்டது என்றால் பில், விளம்பரத்தாள், குணமாகும் என்று சொன்ன வாட்ஸ்அப் செய்திகள், கருவியின் வரிசை எண் தெரியும் படம் எல்லாவற்றையும் அவை மறையும் முன் சேமித்து, முதலில் விற்றவரிடம் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நுகர்வோர் அமைப்பிடமும் மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் துறையிடமும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடலாம். அதற்குக் கெடு நாள் உண்டு, தாமதிக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் அவர் காப்பைக் கழற்ற மறுத்தால், பேஸ்மேக்கர் இல்லாத நிலையில், விட்டுவிடுங்கள். இரண்டு உறுதி மட்டும் வாங்குங்கள்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் நிறுத்தக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் எச்.பி.ஏ.1சி. பார்க்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை அந்த எண் சொல்லிவிடும். முதல் சோதனையை இந்த வாரமே எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.